ஆண்டுக்கொரு முறை சாகும் சிவஞானம்

மரக்காணத்தில் இரும்பை வாங்கி வைத்தவன் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. புதுச் சைக்கிள் வாங்கினால் அடுத்த பொங்கலுக்குள் மட்கார்டில் ஓட்டை விழும். ஜன்னல் கம்பி வாழைப்பூ மாதிரி இதழ் இதழாக உரியும். உப்புக் காற்று அப்படி. புத்தி உள்ளவர்கள் இங்கே இரும்பைக் கண்டால் பெயின்ட் அடிப்பார்கள், இல்லையென்றால் விற்றுத் தலைமுழுகுவார்கள். சிவஞானம் என்ன செய்தார் தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜீப் ஒன்றை வாங்கிக்கொண்டுவந்து, உப்பளத்துக்கு எதிரிலேயே கொட்டகை போட்டு நிறுத்தி, அதற்குத் துரு எடுக்க ஆரம்பித்தார்.

"இந்தப் பக்கம் தேய்ச்சு முடிச்சுட்டு அந்தப் பக்கம் போவேன். அந்தப் பக்கம் முடியறதுக்குள்ள இந்தப் பக்கம் மறுபடி புடிச்சிக்கும். ஊர்ல இன்னொரு பைத்தியம் இருந்தா ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கலாம். நான் ஒருத்தன்தானே இருக்கேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் சுபாவமே அதுதான். ஊர் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிட வேண்டும். அடுத்தவன் வாயில் விழுவதைவிட நம் வாயிலேயே விழுந்தால் அடி கொஞ்சம் குறைவாகப் படும் என்பது அவருடைய கணக்கு.

பட்டாளத்தின்மேல் அவருக்கு ஏன் இந்தப் பித்து என்று கேட்டால், அதற்கும் தயாராக ஒரு கேலி வைத்திருப்பார். பத்தொன்பது வயதில் விழுப்புரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஓடினார், குதித்தார், கயிறு ஏறினார். கடைசியில் டாக்டர் ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நடக்கச் சொன்னார். தரையில் பதிந்த பாதத்தைப் பார்த்தார். நடுவில் வளைவே இல்லை. தோசைக்கரண்டியை ஒற்றி எடுத்ததுபோல இருந்தது. "தட்டைப் பாதம். போப்பா" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் அழுதுகொண்டு வந்ததை மட்டும் சிவஞானம் யாரிடமும் சொல்ல மாட்டார். "அந்தப் பாதம் உப்பளச் சேத்துல புதையாம நடக்கறதுக்குன்னே ஆண்டவன் குடுத்தது. பட்டாளத்துக்குக் குடுத்தது இல்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. வயது ஏறியும் ஆசை போகவில்லை. பழைய இரும்புக் கடை தாஜுதீன் பாய் அவருக்கு நெருங்கிய சிநேகிதர். குவைத்தில் பல வருஷம் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கடைக்கு வரும் சாமானில் பட்டாள வாடை அடித்தால் சிவஞானத்துக்குப் போன் வரும். அப்படி வந்தவைதாம் நெளிந்த இரும்புத் தொப்பி, துணி உறை போட்ட தண்ணீர்க் குடுவை, தோட்டாப் பெட்டிகள் எல்லாம். தோட்டாப் பெட்டி ஒன்றில் அவர் மனைவி அம்சவள்ளி புளி அடைத்து வைத்திருக்கிறாள். "எண்பது வருஷத்துக்கு முந்தின பெட்டிடி அது" என்று இவர் பதறினால், "புளி கெடாம இருக்குது" என்பாள்.

அம்சவள்ளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உப்பளம் பேருக்குத்தான் சிவஞானத்துடையது. எந்தப் பாத்தியில் எப்போது தண்ணீர் கட்டுவது, என்றைக்கு உப்பு வாருவது, எந்த லாரிக்காரனை நம்புவது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. விடியுமுன் வரப்பில் நிற்பாள். கையை அசைத்தால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடையோடு திரும்புவார்கள். ஜீப்பை முதல்முறை பார்த்தபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில உட்டுக்கிட்டியா? சரி. நான் அதுல ஏற மாட்டேன்."

பாண்டிச்சேரியில் இவரைப் போன்றவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அதன் தலைவர் பலராமன், ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி. பட்டாளத்தில் ஒருநாளும் இருந்தவர் இல்லை என்றாலும் எல்லாரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை அப்படி. ஆண்டுக்கு ஒருமுறை, கோடையில், மரக்காணத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டிய கடற்கரையில் சங்கம் ஒரு போர் நடத்தும். நாற்பத்திரண்டில், போர்க்காலத்தில், எதிரி கடல் வழியாக வந்து இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கற்பனை. போலீஸ் அனுமதி வாங்கி, மரத்துப்பாக்கி பிடித்து, தீபாவளி வெடி கொளுத்தி, பாதிப் பேர் எதிரியாகவும் பாதிப் பேர் நம்மவராகவும் மணலில் உருளுவார்கள். வேடிக்கை பார்க்கக் குயிலாப்பாளையத்தில் குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள்கூட வருவார்கள்.

முதல் வருஷம் சிவஞானம் வானூர் டெய்லரிடம் காக்கி உடுப்புத் தைத்துக்கொண்டு போய் நின்றார். நெஞ்சுப் பட்டன் மாட்டியது. வயிற்றுப் பட்டன் மாட்டவில்லை. கேப்டன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "குப்புறப் படுத்தா தெரியாது" என்றார். அப்படித்தான் சிவஞானத்துக்குப் பிணம் வேஷம் கிடைத்தது.

என்ன சொன்னாலும் சரி, அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வெயில் அவருக்குப் புதிதா என்ன? முதல் வெடிக்கு விழுந்தார் என்றால் கடைசி வெடி வரைக்கும் அசைய மாட்டார். இரண்டாவது வருஷம் முதுகில் காக்காய் உட்கார்ந்தது. மூன்றாவது வருஷம் ஒரு நாய் வந்து மோந்து பார்த்துக் காலைத் தூக்கியது. அப்போதும் அசையவில்லை. கேப்டன் நெகிழ்ந்துபோய், "சிவஞானம் செத்தா செத்ததுதான்!" என்று எல்லாருக்கும் முன்னால் பாராட்டினார். இதையும் சிவஞானம் டீக்கடையில் தானே சொல்லிச் சிரித்தார்.

வீட்டில்தான் சிரிப்பு செல்லாது. ஒவ்வொரு வருஷமும் அவர் செத்துவிட்டுத் திரும்பும்போது அம்சவள்ளி வாசலில் குறுக்கே நிற்பாள். "பின்னால போ." பின்கட்டுக் குழாயடியில் உடுப்போடு உட்கார வைத்துத் தலையில் குடம் குடமாக ஊற்றுவாள். பிறகு கல்லுப்பையும் மிளகாயையும் எடுத்து, தலையைச் சுற்றி, துப்பச் சொல்லி, அடுப்பில் போடுவாள். அது படபடவென்று வெடித்து அடங்கிய பிறகுதான் உள்ளே விடுவாள். "பொணமா படுத்துட்டு வந்தா தீட்டு" என்பாள். அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

போர் பார்க்க அவள் ஒருமுறைகூட வந்ததில்லை. ஊர் வரும், குழந்தைகள் வரும், அவள் வர மாட்டாள். தன்னைப் பார்த்து அவளுக்கு வெட்கம் என்று சிவஞானம் முடிவு கட்டியிருந்தார். புருஷன் நாலு பேருக்கு முன்னால் நாய் மோந்து பார்க்கக் கிடந்தால் எந்தப் பெண்டாட்டி தலை நிமிர்ந்து வருவாள்? நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டார். ஆனால் நியாயம் என்று தெரிந்துவிட்டால் மட்டும் வலிக்காமல் இருக்குமா? ஒரே ஒருமுறை, உடுப்பும் தொப்பியுமாக, நிமிர்ந்த முதுகோடு, உயிரோடு, அவள் கண்ணில் பட வேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆசை அது. ஜீப் வாங்கியதே அதற்குத்தான். வண்டி ஓட்டுகிறவன் உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்தால் வயிற்றுப் பட்டன் தெரியாது. வண்டி உடையவனைச் சாகச் சொல்லவும் முடியாது.

தாஜுதீன் பாய்தான் அதற்கு உயிர் கொடுத்தார். இடதுபக்கம் ஸ்டியரிங். டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க். "அடுப்பு மேல உக்காந்து போற வண்டி" என்றாள் அம்சவள்ளி. மழைக்குக் கண்ணாடி துடைக்கும் வைப்பரைக்கூட உள்ளிருந்து கையால்தான் ஆட்ட வேண்டும். முன்பக்கத் தடுப்பில் ஒன்பது திறப்பு இருக்கிறது, அதுதான் அசலுக்கு அடையாளம் என்று சிவஞானம் வருகிறவன் போகிறவனை எல்லாம் நிறுத்தி எண்ணச் சொல்லுவார். எண்ணுவதற்குப் பயந்தே பால்காரர் வேறு தெருவழியாகப் போக ஆரம்பித்தார்.

இந்த வருஷம் ஜீப் ஓடியது. கேப்டன் வந்து பார்த்தார், டிரைவர் வேஷம் சிவஞானத்துக்குத்தான் என்றார். அப்படியே உப்பளத்தைப் பார்த்தவர் கண்ணில் உப்புக் குவியல்மேல் கிடந்த லாரிப் படுதாக்கள் பட்டன. வெயிலில் வெளிறி, பச்சையும் இல்லாமல் காக்கியும் இல்லாமல் ஒரு நிறம். "அடடா! இந்தக் கலர் காசு குடுத்தாலும் கிடைக்காது. கூடாரம் போட்டா அசல் போர்க்களம்!" என்றார்.

சிவஞானம் வானத்தைப் பார்த்தார். துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு நாள்தானே? அம்சவள்ளியைக் கேட்டால் தர மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. அவளிடம் வேறொன்றைத்தான் கேட்டார்.

"இந்த வாட்டி நான் சாவலடி. டிரைவரு. வந்து பாரேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "மெய்யாலுமா? சாவ மாட்டியே?"

"மாட்டேன்."

"அப்ப வர்றேன்" என்றாள்.

போர் நாள் காலையில், அவள் சமையல் கட்டில் இருந்த நேரம் பார்த்து, சிவஞானமும் தாஜுதீன் பாயும் படுதாக்களைச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பருவம் முழுக்க வாரிய உப்பு வரப்போரத்தில் வெள்ளை வெளேரென்று திறந்து கிடந்தது. பாய்க்கு மனசு கேட்கவில்லை. "ஏம்பா ஞானம், தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா இன்னா?" என்றார். "சொன்னா அது வார்த்தையோட போவாது பாய்" என்றார் சிவஞானம்.

கடற்கரையில் நல்ல கூட்டம். சிவஞானம் தொப்பியை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். எதிரிப்படைத் தளபதி வேஷத்தில் தாஜுதீன் பாய் தாடியை வருடிக்கொண்டு நின்றார். படுதாக் கூடாரத்துக்குள் கேப்டன் மேப்பை விரித்து ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தார். அம்சவள்ளி கட்டிக்கொண்டு வருவதற்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சள் புடவையைக் கூட்டத்தில் சிவஞானம் தேடினார். காணோம். மறுபடி தேடினார். காற்று நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தால் மேற்கே திண்டிவனம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

உப்பு திறந்து கிடப்பது ஞாபகம் வந்தது. அதே நேரம் தோட்டாப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த செல்போன் அலறியது.

"யோவ்! படுதா எங்கய்யா?"

கூடாரத்துக்குள்ளிருந்து கேப்டன் தலையை நீட்டினார். "சிவஞானம்! போர்க்களத்துல போனா? நாப்பத்திரெண்டுல செல்போன் கிடையாது!"

"நாப்பத்திரெண்டுல எம் பொண்டாட்டியும் கிடையாது சார். இப்ப இருக்கா!"

சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். தட்டைப் பாதம் மணலில் தொப்பு தொப்பென்று விழுந்தது. கூடாரக் கயிற்றை அவிழ்த்தார். "டேய், எல்லாரும் வாங்கடா, புடிங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிரிப்படை, நம் படை இரண்டும் வந்து கயிற்றைப் பிடித்தன. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இதுவும் நாடகத்தில் இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். கூடாரம் கேப்டன்மேல் விழுந்தது. படுதாவைச் சுருட்டினால் கேப்டனும் மேப்பும் சேர்ந்து சுருண்டார்கள். பிரித்து எடுக்க நேரம் இல்லை. அப்படியே தூக்கி ஜீப்பின் பின்பக்கம் போட்டார்கள். தாஜுதீன் பாய் தாவி முன்னால் ஏறினார். கூட்டம் கைதட்டியது. கேப்டனை எதிரி கடத்திக்கொண்டு போகும் காட்சி என்று யாரோ பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் சொன்னார்கள்.

சவுக்குத் தோப்பைத் தாண்டுவதற்குள் முதல் சொட்டு விழுந்தது. புளியங்கொட்டை அளவுச் சொட்டு. பாய் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வைப்பரை ஆட்டினார். "யா அல்லா, வேகமாப் போப்பா!"

"அந்தக் காலத்து வண்டி பாய், அந்தக் காலத்து வேகம்தான் போவும்!"

பின்னால் படுதாவுக்குள்ளிருந்து, "போர்க்களத்தை விட்டு ஓடறது குத்தம்! பெருங்குத்தம்!" என்று குரல் வந்துகொண்டே இருந்தது.

சிவஞானத்துக்கு அது காதில் ஏறவில்லை. உப்பு விற்கப் போனால் மழை வரும், மாவு விற்கப் போனால் காற்று வரும் என்று சும்மாவா சொன்னார்கள்? மூன்று மாதமாக அந்தப் பெண்கள் கால் வெடிக்க வாரிப் போட்ட உப்பு அது. அம்சவள்ளி ராத்தூக்கம் கெட்டுத் தண்ணீர் கட்டிய உப்பு. ஒரு கூடாரத்துக்காக, ஒரு தொப்பிக்காக, திறந்துபோட்டு வந்துவிட்டோமே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு மிதித்தார். இந்தமுறை சிரிப்பு வரவில்லை.

உப்பளத்தில் அம்சவள்ளி பெரிய குவியலின் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் புடவைதான். வருவதற்குக் கட்டிய புடவை. பெண்கள் சாக்கு, ஓலை, கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். மழையைக் கிழித்துக்கொண்டு, விளக்கு எரிய, ஹார்ன் அடித்துக்கொண்டு ஜீப் வரப்புப் பாதையில் வந்து நின்றது. சிவஞானம் உடுப்பும் தொப்பியுமாக, நிமிர்ந்த முதுகோடு, அதிலிருந்து இறங்கினார். இத்தனை வருஷம் கனவில் பார்த்த அதே காட்சி. அம்சவள்ளி அவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள்.

"நின்னு போஸ் குடுக்காத. மேக்கால முனையப் புடிச்சி இழு!"

இழுத்தார். பாய் இழுத்தார். படுதாவுக்குள்ளிருந்து உருண்டு வெளியே வந்த கேப்டனும், வேறு வழி தெரியாமல் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் துரத்திவந்த சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரும் இறங்கினார்கள். பூட்ஸ் போட்ட கால் ஒவ்வொன்றும் பாத்திச் சேற்றில் முழங்கால் வரை புதைந்தது. கேப்டனின் இடது பூட்ஸ் உள்ளே போனது போனதுதான். சிவஞானம் பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு ஓடினார். அம்சவள்ளி உச்சியில் நின்று கையை அசைத்தாள். அசைத்த பக்கமெல்லாம் பட்டாளம் ஓடியது. கல்லைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள், கயிறு கட்டினார்கள். மழை அதற்குப் பிறகுதான் கொட்டு கொட்டென்று கொட்டியது. பெரிய குவியல்கள் தப்பித்தன. கடைக்கோடியில் இருந்த சின்னக் குவியல் ஒன்று கண்ணெதிரே கரைந்து பாத்திக்கே திரும்பிப் போனது.

பம்பு செட்டுக் கொட்டகையில் எல்லாரும் ஒண்டி நின்றார்கள். பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர்களில் மூத்தவளான குப்பம்மாள், ஒற்றை பூட்ஸோடு நின்ற கேப்டனை மேலும் கீழும் பார்த்து, "ஐயா எந்த ஏ.டி.எம்.ல செக்யூரிட்டியா இருக்காரு?" என்று கேட்டாள்.

கேப்டன் மீசையிலிருந்து தண்ணீரைப் பிழிந்தார். கோபம் இன்னும் ஆறவில்லை. "சிவஞானம், நடுப் போர்ல வண்டிய எடுத்துக்கிட்டு ஓடிட்டீங்க. என்னையும் மூட்டை கட்டிட்டீங்க. டிரைவர் வேஷம் உங்களுக்கு இனிமே கிடையாது. அடுத்த வருஷம் பழையபடி பொணம்தான்."

"சரிங்க சார். பழகின வேலைதானே. நாய் கூடத் தேடும்" என்றார் சிவஞானம். வழக்கம்போல் முந்திக்கொண்டு சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் முடியாது" என்றாள் அம்சவள்ளி.

தலையைப் பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டுக் கேப்டன் முன்னால் வந்து நின்றாள். "சாவறதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. எம் வீட்டுக்காரரு இனிமே சாவ மாட்டாரு."

"ஏம்மா, அது சும்மா நடிப்பும்மா."

"நடிப்புதான். எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் ஊரே போயி வேடிக்கை பாக்குது. நான் மட்டும் ஏன் வரல தெரியுமா? கட்டின புருஷன் செத்துக் கெடக்கறத நின்னு பாத்துட்டு, கைதட்டிட்டு வரச் சொல்றீங்களா? வெடிச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது சார். ஒவ்வொரு வெடிக்கும் வயித்தப் புடிச்சிக்கிட்டு இந்த வரப்பு மேல உக்காந்துருப்பேன். அவரு வூட்டுக்கு நடந்து வந்தாத்தான் எனக்கு உசுரு வரும்."

சிவஞானம் வாயைத் திறந்தார். எப்போதும் ஏதாவது கேலி நாக்கு நுனியில் நிற்கும். இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. வெட்கத்தால் அல்ல, பயத்தால்தான் அவள் வராமல் இருந்திருக்கிறாள். இது தெரியாமல் வருஷா வருஷம் அவளை விதவையாக்கிவிட்டு வந்து, டீக்கடையில் நாய்க் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழையில் நனைந்த முகம், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப யாருதான் சாவறது?" என்றார் கேப்டன், கொஞ்சம் இறங்கிவந்து.

"நீங்களே சாவுங்களேன். ஒத்தக் காலு செருப்புதான் போயிடிச்சே" என்றாள் குப்பம்மாள்.

மழை விட்டதும் ஜீப் கிளம்பவில்லை. ஈரம் இறங்கிவிட்டது. இறங்கின ஈரத்தில் உப்பும் இருக்கிறது, இனி ஆறு மாதம் துருதான் என்று தாஜுதீன் பாய் பானெட்டைத் தூக்கிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பெண்கள் பின்னால் வந்து கை கொடுத்தார்கள். சிவஞானம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அம்சவள்ளி வண்டியைச் சுற்றி முன்னால் வந்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏற மாட்டேன்னியே?"

"ஓடற வண்டியிலதான ஏற மாட்டேன்னேன்."

கொஞ்ச தூரம் போனதும் சிவஞானம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வந்து எறங்கினேனே... எப்டி இருந்தேன்?"

"தொப்பி கோணலா இருந்துச்சு" என்று சொல்லிக் கையை நீட்டி அதை நேராக்கினாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சிவஞானம் வழக்கம்போலப் பின்கட்டுக் குழாயடிக்கு நடந்தார். கழுத்துவரை சேறு. வருஷா வருஷம் பழகிய கால், தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"அங்க எங்க போற?" என்றாள் அம்சவள்ளி.

"குளிக்க."

"இன்னிக்கு எதுக்கு? நேரா உள்ள வா."

"சேத்தோடயா?"

"சேறுதானே" என்று சொல்லிவிட்டு, வாசலை விட்டு விலகி வழிவிட்டாள்.